இறால் சோர்ந்தால் மருந்தா, பராமரிப்பா, பிடிப்பா? வெள்ளாற்றங்கரை வளர்ப்போருக்கு ஓர் ஒப்பீடு

காலையில் செக் ட்ரேயை, அதாவது இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் தட்டை, தூக்கிப் பார்க்கிறீர்கள். வழக்கமாக இரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும் தீவனம் பாதிக்கு மேல் ஊறிக் கிடக்கிறது. ட்ரேயில் ஏறியிருக்கும் நாலைந்து இறாலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், முதுகோடு நிறைந்து ஓட வேண்டிய குடல் விட்டுவிட்டுத் தெரிகிறது. தலைப்பகுதியில் கரும்பழுப்பாக இருக்க வேண்டிய கல்லீரல் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. காற்று ஒதுக்கும் மூலையில் வெள்ளை நூல் போலக் கழிவு மிதக்கிறது. கரையில் காக்கைகள் கூடிவிட்டன.

அன்று மதியத்துக்குள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். தீவனக் கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டி, "இதைத் தீவனத்துல கலந்து அஞ்சு நாள் போடுங்கண்ணே, நிமிந்துடும்" என்பார்கள். பக்கத்துக் குட்டைக்காரர் "தீவனத்தைக் குறை, தண்ணியைப் பாரு" என்பார். வியாபாரி "இன்னைக்கே வலை போட்டுடலாம், வண்டி அனுப்பவா?" என்று கேட்பார். வீட்டில் யாராவது "இன்னும் ரெண்டு நாள் பாப்போமே" என்பார்கள். மருந்து, பராமரிப்பு, பிடிப்பு, காத்திருப்பு என்று நாலு வழி. கிள்ளையிலிருந்து பரங்கிப்பேட்டை வரை வனாமி இன இறால் வளர்க்கும் எல்லோரும் ஏதாவது ஒரு போகத்தில் இந்த இடத்தில் வந்து நிற்கிறோம். கடன் வாங்கித் தீவனம் போட்டவருக்கு நிதானமாக யோசிக்க நேரமும் இருக்காது. அதனால் குட்டை நன்றாக இருக்கும்போதே இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக் பொட்டலம் இந்த வரிசையில் கடைசி இடத்துக்குக்கூடத் தகுதியில்லாதது. அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு காரணம்தான். குட்டையில் வரும் பெரும்பாலான நோய்க்கு அது மருந்தே இல்லை. மருந்தாக இருக்கும் ஒன்றிரண்டு நோய்க்கும், அதன் விலையைக் கொடுப்பவர்களில் குட்டைக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

எது வந்திருக்கிறது என்று தெரியாமல் எதையும் போட வேண்டாம்

நாலு வழியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நோயின் பெயரைப் பொறுத்தது. நம் பக்கத்தில் குட்டையைக் காலி செய்பவை முக்கியமாக மூன்று.

முதலாவது வெள்ளைப்புள்ளி. இது வைரஸ். 1990-களின் நடுவில் டைகர் இறால் வளர்த்தவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது இதுதான். வந்துவிட்டால் மூன்று முதல் பத்து நாளுக்குள் குட்டை மொத்தமும் போய்விடலாம். எந்த ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது.

இரண்டாவது ஈ.எச்.பி. 2009-ல் தாய்லாந்தில் முதன்முதலாக அடையாளம் கண்டு பெயரிடப்பட்ட நுண்ணுயிர் இது. பூஞ்சைக்கு உறவுக்காரன். கல்லீரல் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இறால் உடனே சாகாது, வளராது. ஒரே குட்டையில் ஒன்று பெரிதாகவும் ஒன்று குச்சி போலவும் இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து இதையும் தொடாது.

மூன்றாவதுதான் விப்ரியோ. உப்புத்தண்ணீரில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியா கூட்டம். நல்ல குட்டையிலும் இருக்கும், கெட்ட குட்டையிலும் இருக்கும். அடியில் சேறு கூடி, தீவனம் மிஞ்சி, ஆக்சிஜன் குறையும்போது தலைதூக்கும். ஆன்டிபயாடிக்குக்கு ஏதாவது வேலை இருக்கிறது என்றால் இங்கே மட்டும்தான்.

இவை தவிர, நோயே இல்லாமலும் இறால் சோரும். விடியற்காலை ஆக்சிஜன் 4 பி.பி.எம்.-க்குக் கீழே போனாலும் சோரும். ஒரு பெரிய மழைக்குப் பின் உப்பும் காரத்தன்மையும் சட்டென்று இறங்கினாலும், அடிச்சேற்றிலிருந்து அம்மோனியா கிளம்பினாலும் சோரும். ஐப்பசி, கார்த்திகையில் குட்டை வைத்திருப்பவர்கள் இதை நன்றாகவே அறிவார்கள்.

ஆகவே முதல் வேலை, உயிரோடு இருக்கும் சோர்ந்த இறாலில் சிலவற்றை, கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்புவது. கூடவே குட்டைத் தண்ணீரையும் விப்ரியோ எண்ணிக்கைக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் பச்சை நிற ஊடகம் பூசிய தட்டில் தண்ணீரைத் தடவி ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் தட்டில் மஞ்சள் புள்ளியும் பச்சைப் புள்ளியும் முளைத்திருக்கும். சர்க்கரையைச் செரிக்கும் விப்ரியோ மஞ்சளாக வரும், செரிக்காதது பச்சையாக வரும். ஆபத்தான பாராஹீமோலிட்டிகஸ் வகை பச்சையில் வருவதால், பச்சை கூடக்கூட வளர்ப்போருக்கு வயிற்றைப் பிசையும். இந்தப் பரிசோதனைச் செலவு சில மூட்டைத் தீவனத்துக்குள் அடங்கிவிடும். இதைச் செய்யாமல் மருந்து போடுகிறவர் இருட்டில் கல்லெறிகிறார்.

பொட்டலம் என்ன செய்கிறது?

விப்ரியோதான் என்று உறுதியாகிவிட்டது, அப்போதாவது போடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏனென்றால் சில குட்டைகளில் மருந்து போட்ட இரண்டாம், மூன்றாம் நாள் சாவு குறைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்தைத் தீவனத்தில் கலந்துதான் கொடுக்கிறோம். நோய் முற்றிய இறால் தீவனமே எடுக்காது. எடுப்பதெல்லாம் ஓரளவு நன்றாக இருக்கும் இறால். ஆக, மருந்து போய்ச் சேர வேண்டிய வயிற்றுக்குப் போவதில்லை. மிச்சத் தீவனம் ஊறி, மருந்து தண்ணீரில் கரைகிறது. தின்ற இறாலும் அதில் பெரும்பகுதியைக் கழிவோடு வெளியேற்றிவிடுகிறது. ஆக்சிடெட்ராசைக்ளின் போன்றவை கடல்நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் குடலில் சேர்வது இன்னும் குறைவு. அவை நேரே அடிச்சேற்றுக்குப் போய் மாதக்கணக்கில் கிடக்கும்.

சேற்றில் கிடப்பது சும்மா கிடப்பதில்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிக் குட்டையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது அடிக்கிறது. காசு கொடுத்து வாங்கி ஊற்றிய பேசில்லஸ் ப்ரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியாக் கலவையையும் அடிக்கிறது. இடம் காலியாகிறது. காலி இடத்தில் முதலில் பெருகுவது யார்? விப்ரியோதான். தோதான சூழல் கிடைத்தால் பத்து நிமிடம் சுமாரில் இரட்டிப்பாகும் வேகம் அதற்கு உண்டு. மருந்தில் சாகாமல் தப்பியவைதான் அப்படிப் பெருகுகின்றன. எனவே பத்துப் பதினைந்து நாள் கழித்து நோய் திரும்பும்போது அதே பொட்டலம் வேலை செய்யாது. கடையில் "இதைவிட ஸ்ட்ராங்" என்று வேறொன்று கிடைக்கும்.

அடுத்தது விற்பனை. இறால் வளர்ப்பில் பயன்படுத்தக் கூடாதென்று இந்தியாவில் ஒரு தடைப்பட்டியல் இருக்கிறது. குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள், நியோமைசின், மெட்ரோனிடசோல், ஃபுளோரோகுயினலோன் வகைகள் எல்லாம் அதில் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 நவம்பர் முதல் குளோரம்பெனிகாலுக்கு வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் இறாலில் 0.15 மில்லிகிராம். ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். அதில் நூறில் ஒரு பங்கைவிடவும் குறைவான மருந்து ஒரு டன்னில் கலந்திருந்தால்கூடக் கருவி கண்டுபிடித்துவிடும். நைட்ரோஃபியூரானின் மிச்சம் சதையோடு பிணைந்து வாரக்கணக்கில் நிற்கும். "கடைசிப் பத்து நாள் நிறுத்திட்டா தெரியாது" என்ற பேச்சு இதன் முன்னால் நிற்காது. 2016-ல் ஐரோப்பா நம் நாட்டு வளர்ப்பு இறால் சரக்கில் சோதனைக்கு எடுக்கும் அளவைப் பத்து சதவீதத்திலிருந்து ஐம்பது சதவீதமாக உயர்த்தியது. ஒருவர் போட்ட பொட்டலத்துக்கு ஒரு நாட்டின் மொத்தச் சரக்கும் பதில் சொல்லவேண்டி வந்தது.

அந்த எல்லை ஏன் அவ்வளவு கடுமை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. குளோரம்பெனிகால் சிலருக்கு எலும்பு மஜ்ஜையை முடக்கி ரத்தமே ஊறாமல் செய்துவிடும். யாருக்கு, எவ்வளவில் அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வரையறுக்க முடியாததால்தான் அந்தக் கடுமை. ஐரோப்பியரின் உடம்புக்கு மட்டும் பொருந்தும் உண்மையில்லை இது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்டுக் கடலூர் மார்க்கெட்டில் விற்கப்படும் இறாலை வாங்கித் தின்பவர் நம் வீட்டு ஆள்.

மதகைத் தாண்டியபின்

எனக்கு அதிகம் வலிப்பது இந்தப் பகுதிதான்.

குட்டைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வெள்ளாற்றுக்கோ கிள்ளை உப்பங்கழிக்கோ போகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்க்கப்பட்ட சதுப்புநிலம். படகில் போய்ப் பார்ப்பவர்களுக்குத் தில்லையும் சுரபுன்னையும் தெரியும். அந்த வேர்களுக்கிடையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் பிடிக்கும் இருளர் குடும்பங்களைப் பலர் கவனிப்பதில்லை. பிடித்ததைப் போட வாயில் ஒரு கூடையைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டுக்கூரிலும் சிப்பியிலும் கை கீறாத நாள் அவர்களுக்குக் கிடையாது. குட்டைக்காரர் மதகைத் திறந்துவிட்டுப் போன தண்ணீரில் நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள்.

அந்தத் தண்ணீரில் போவது மருந்தின் மிச்சம் மட்டுமில்லை. மருந்துக்கு மசியாத பாக்டீரியாவும், அந்த எதிர்ப்பைத் தரும் மரபணுவும் சேர்ந்தே போகின்றன. பாக்டீரியாக்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தன்னிடமுள்ள மரபணுத் துண்டை, பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் வைத்து, பக்கத்தில் இருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடும். விப்ரியோ கற்றதை ஈ.கோலை கற்றுக்கொள்ளும். ஈ.கோலை நம் குடலில் இருப்பது. இறாலைக் கூட்டமாகக் கொல்லும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் நச்சு மரபணுவே இப்படியொரு பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது.

இதற்குச் சாட்சி தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. 1992-ல் சென்னையில் ஓ139 என்ற புதுவகைக் காலரா கிளம்பியது. அப்போது எடுத்த கிருமியைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, சல்ஃபாமெதாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிகால் நான்கையும் தாங்கும் மரபணுக்கள் ஒரே தொகுப்பாக, பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவக்கூடிய நிலையில் இருப்பதைக் கண்டார்கள். காலராக் கிருமியும் விப்ரியோதான். உப்பங்கழி அதற்கும் வீடு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை மழுக்கும் க்யூ.என்.ஆர்.ஏ. என்ற மரபணுவின் பூர்வீகத்தைத் தேடிப் போனவர்கள் ஷெவனெல்லா ஆல்கே என்ற கடல்நீர்ப் பாக்டீரியாவில் போய் நின்றார்கள். கடல்நீரில் தன் பாட்டுக்குக் கிடந்த மரபணு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரின் கிருமிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"ஆத்துத் தண்ணியில கலந்தா கரைஞ்சி ஒண்ணுமில்லாம போயிடும்" என்ற சமாதானத்தையும் இங்கேயே பேசிவிடலாம். கரையும், உண்மை. ஆனால் 2011-ல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியது, பாக்டீரியாவைக் கொல்லத் தேவையான அளவில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே மருந்து இருந்தாலே, எதிர்ப்புள்ளவை மற்றவற்றை ஓரங்கட்டிப் பெருகத் தொடங்கும் என்பதை. கொல்லாத அளவுதான் பயிற்சி கொடுக்கும் அளவு. ஆற்றில் கரைவதால் மருந்து தொலைவதில்லை, அந்த அளவுக்கு இறங்குகிறது.

அப்புறம் இது மனிதனுக்கு என்ன செய்கிறது? 2019-ல் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று லான்செட் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. பிரசவம், குடல்வால் அறுவை, குறைமாதக் குழந்தை, சர்க்கரை நோயாளியின் கால் புண் என்று நாம் சாதாரணமாக நினைக்கும் எல்லாவற்றுக்கும் பின்னால் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் பொட்டலத்தோடு சேர்த்துக் கரைக்கிறோம்.

குட்டைக்காரர் மட்டுமா குற்றவாளி என்று நீங்கள் கேட்டால், நிச்சயமாக இல்லை. ஊர்ச் சாக்கடை, ஆஸ்பத்திரிக் கழிவு, கோழிப் பண்ணை, மருந்து ஆலை எல்லாமே இதில் உண்டு. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-ல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். ஒரு நாளில் அங்கே வெளியேறிய மருந்து, சுவீடன் நாடு முழுக்க ஐந்து நாளில் சாப்பிடும் அளவுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்கு உச்சவரம்பு வைக்க நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் ஒரு வரைவு கொண்டுவந்தது. 2021-ல் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரம்புகள் இல்லை. இது சரியில்லை, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை வாசலில் வைத்திருக்கும் நமக்கு இதைக் கேட்கும் உரிமை மற்றவர்களைவிட அதிகம். அந்த உரிமையோடு கேட்க வேண்டுமானால் நம் மதகு சுத்தமாக இருக்க வேண்டும். உலக அளவில் நீர்வாழ் உயிர் வளர்ப்பில் ஆன்டிபயாடிக் செலவழிக்கும் நாடுகளில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு என்று 2017-க்கான மதிப்பீடு ஒன்று இருக்கிறது.

தீவனத்தைக் குறைத்துத் தண்ணீரைப் பார்ப்பது

பரிசோதனையில் விப்ரியோ மட்டும் என்று வந்தால், என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

செய்வது பெரிய வித்தையில்லை, ஆனால் உடம்பு வணங்கிச் செய்ய வேண்டும். அன்றே தீவனத்தைப் பாதியாகக் குறைக்கலாம். ட்ரே காலியாகும் வேகத்தைப் பார்த்து ஒவ்வொரு வேளையும் கூட்டிக் குறைக்கலாம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை இரவு முழுக்க, முக்கியமாக இரண்டு மணி முதல் விடியும் வரை, நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் தயாராக இருக்கிறதா என்று சாயங்காலமே பார்த்துவிட வேண்டும். நடுக்குழியில் சேர்ந்த கறுப்புச் சேற்றை மோட்டார் வைத்து எடுத்துக் கழிவுக் குட்டைக்கு விட வேண்டும். காரத்தன்மை குறைந்திருந்தால் சுண்ணாம்பு. அதற்குப் பிறகு ப்ரோபயாடிக்.

ப்ரோபயாடிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தவிடும் வெல்லமும் ஈஸ்ட்டும் கலந்து ஊறவைத்துக் குட்டையில் ஊற்றுவது நம் ஆட்கள் கைப்பழக்கமாகச் செய்வது. வெல்லத்தின் கார்பனைத் தின்று வளரும் நல்ல பாக்டீரியா, அம்மோனியாவையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். விப்ரியோவுக்கு இடமும் சாப்பாடும் குறையும். ஆனால் நோய் முற்றியபின் ஊற்றினால் பெரிதாகப் பலன் இராது. குஞ்சு விட்ட நாளிலிருந்து தொடர்ந்து செய்தால்தான் தெரியும். பெயர் தெரியாத பாட்டில்களில் விற்கும் சரக்கை வாங்கவே கூடாது. ப்ரோபயாடிக் என்று ஒட்டிய பாட்டிலில் ஆன்டிபயாடிக் கலந்திருந்தால், பரிசோதனையில் மாட்டுவது விற்றவர் இல்லை, நீங்கள். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் ஆன்டிபயாடிக் இல்லையென்று சான்று கொடுத்த பொருள்தானா என்று கேட்டு, பில் வாங்குங்கள். பில் தரமாட்டேன் என்றால் அந்தப் பாட்டிலும் வேண்டாம்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். பலன் மெதுவாகத்தான் வரும். முதல் மூன்று நாலு நாள் சாவு நிற்காது. அந்த நாலு நாளில்தான் பொட்டலக்காரரின் பேச்சு இனிக்கும். கூடவே டீசல் செலவு ஏறும், எடை ஏறாது. தேறினாலும் முன்பு நினைத்த கவுண்டுக்கு, அதாவது கிலோவுக்கு இத்தனை இறால் என்ற அளவுக்கு, கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஈ.எச்.பி. உள்ளே இருந்தால் எவ்வளவு பார்த்தும் வளர்ச்சி திரும்பாது.

விப்ரியோவை மட்டும் தேடித் தின்னும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களை, வைத்துச் சிகிச்சை செய்யும் முறையும் பேசப்படுகிறது. நம்பிக்கை தரும் வழிதான். இப்போதைக்கு ஒரு சிறு வளர்ப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக் காசு போடும் நிலையில் நான் அதை வைக்கமாட்டேன்.

பிடித்துவிடுவது

வெள்ளைப்புள்ளி என்று பி.சி.ஆர். சொல்லிவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. விற்கும் அளவு வந்திருந்தால் அன்றைக்கே வலை. 100 கவுண்ட், அதாவது கிலோவுக்கு நூறு நிற்கும் அளவுக்கு வந்திருந்தாலும் ஏதோ ஒரு விலை கிடைக்கும். இரண்டு நாள் பார்க்கலாம் என்று நின்றால் அந்த விலையும் இராது. நோய் வந்த குட்டை என்று தெரிந்தால் வியாபாரி விலையை அடிப்பார். அடிக்கட்டும், தீவனக் கடனில் பாதியாவது அடையும். வெள்ளைப்புள்ளி வைரஸ் மனிதனுக்குத் தொற்றாது, அதனால் அந்த இறாலை விற்பதில் தவறில்லை.

ஈ.எச்.பி. என்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரத் தீவனச் செலவையும், அந்த வாரத்தில் ஏறும் எடையின் விலையையும் எழுதிப் பாருங்கள். செலவு மிஞ்சும் வாரம்தான் பிடிக்க வேண்டிய வாரம். இதில் ரோஷம் பார்த்து இழுத்துக்கொண்டு போவதால் பணம் போவது ஒருபுறம், குட்டைத் தரையில் ஈ.எச்.பி. வித்துகள் அடுத்த போகத்துக்கும் சேர்ந்துகொள்கின்றன.

காத்திருப்பு என்ற நாலாவது வழிக்கு நான் இடமே கொடுக்கவில்லை என்று தோன்றலாம். பரிசோதனை முடிவு வரும்வரை ஓரிரு நாள் தீவனத்தைக் குறைத்துக் காத்திருப்பது சரி. அதற்கு மேல் காத்திருப்பது முடிவெடுக்காமல் இருப்பதுதான்.

பிடித்தபின் தண்ணீரை என்ன செய்கிறோம் என்பது இந்த வழியின் மறுபாதி. வலையைத் தூக்கியதும் மதகைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. வைரஸ் உள்ள தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால், மறுநாள் கடல்நீர் ஏற்றத்தில் மோட்டார் போடும் கீழ்க்குட்டைக்காரர் அதைத்தான் உறிஞ்சுவார். பிடித்தவுடன் மதகை மூடியே வைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, சில நாள் வெயிலில் விட்டு, குளோரின் வாடை போனபின்தான் கழிவுக் குட்டை வழியாக வெளியே விட வேண்டும். வனாமி வளர்க்கும் பண்ணை பெரியதோ சிறியதோ கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை வைத்திருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. அரை ஏக்கர் போய்விடுகிறதே என்று அந்த இடத்திலும் குஞ்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அரை ஏக்கர்தான் இந்த உப்பங்கழியையும் நம்மையும் காப்பாற்றுவது.

அடுத்த போகத்துக்கு

நோய் வந்த அன்று எடுக்கும் முடிவு எதுவானாலும் அதில் ஏதோ ஒரு நஷ்டம் உண்டு. நஷ்டமில்லாத முடிவு குஞ்சு விடும்போது எடுப்பது.

வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை விதி அனுமதிக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு 6 லட்சம். எண்பது சதவீதம் பிழைத்து, 25 கிராம் வந்தால் 12 டன். கேட்க நன்றாக இருக்கிறது. அதே ஹெக்டேரில் 30 வீதம் 3 லட்சம் விட்டால், அதே பிழைப்பும் எடையும் வந்தால் 6 டன்தான். ஆனால் 60 விட்ட குட்டையில் நோய் புகுந்து நாற்பது சதவீதம் பிழைத்து, 12 கிராமில் பிடிக்க நேர்ந்தால் கைக்கு வருவது மூன்று டன்னுக்கும் குறைவு. செலவு பன்னிரண்டு டன்னுக்கான குஞ்சுக்கும் ஏரேட்டருக்கும் டீசலுக்கும் போட்டது. நெருக்கமாக விட்டவருக்குத்தான் பொட்டலமும் அதிகம் தேவைப்படும். இரண்டு ஏரேட்டரும் சொந்த ஜெனரேட்டரும் வைத்திருக்கும் சிறு வளர்ப்பாளருக்கு என் யோசனை முப்பதைத் தாண்ட வேண்டாம் என்பதுதான்.

குஞ்சு வாங்கும்போது வெள்ளைப்புள்ளிக்கும் ஈ.எச்.பி.-க்கும் பி.சி.ஆர். செய்த சான்றைக் கேளுங்கள். முடிந்தால் நீங்களே ஒரு மாதிரியைத் தனியாக அனுப்புங்கள். போகம் முடிந்தபின் தரையை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, கறுப்புச் சேற்றைச் சுரண்டிக் கரைக்கு வெளியே கொட்டாமல் அப்புறப்படுத்துங்கள். ஆற்றுத் தண்ணீரை நேரே குட்டைக்கு ஏற்றாமல், ஒரு சேமிப்புக் குட்டையில் நிறுத்தி, குளோரின் போட்டுப் பிறகு ஏற்றுங்கள். மேலே சொன்ன ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்த ஆறு அது.

ஒரே வாய்க்காலில் இருக்கும் குட்டைக்காரர்கள் போகம் தொடங்கும் முன் ஒருநாள் கூடிப் பேசினால் போதும்: யார் எந்த நாளில் தண்ணீர் ஏற்றுவது, யார் எந்த நாளில் விடுவது, நோய் வந்தால் மறைக்காமல் அன்றே சொல்வது, பொட்டலம் போடுபவரின் தண்ணீரை வாய்க்காலில் விட அனுமதிப்பதில்லை என்பது. கிள்ளைப் பக்கம் மாசி, பங்குனியில் குஞ்சு விடுகிறவர்கள் அந்தக் கூட்டத்தைத் தை மாதமே போட்டுவிடலாம்.